ஒரு வரி அகலம்

திருப்பதி
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோவர்த்தனன் எழுதுவது. இங்கு நானும் ஸ்வர்ணலதாவும் நலம். அங்கு நீயும் மாமாவும் மாடுகளும் நலமா? மாடுகளை விட்டுவிட்டு விசாரித்தால் நீ கோபித்துக்கொள்வாய், அதனால் சேர்த்தே கேட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். என்ன செய்வது? போன் செய்தால் மாமா எடுக்கிறார். எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். நான் தும்மினால் குடிபாலா முழுக்கக் கேட்கிறது. உன் பட்டன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த நாளிலிருந்து உன்னோடு தனியாகப் பேச வழியே இல்லை. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதனால் பால் சென்டர் முகவரிக்கு எழுதுகிறேன். நீ பால் ஊற்ற வரும்போது முனிரத்தினம் கையில் கொடுப்பார். தயவுசெய்து யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

ரூபாவைப் பற்றித்தான். உன் மகள் எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருடம் வந்துவிட்டாள். கையில் நான்கு அரியர். நான் அவளுக்குத் தாய்மாமன் மட்டுமில்லை, பாடம் நடத்துகிறவனும் நான்தான். எனக்கு எவ்வளவு தலைகுனிவு, யோசித்துப் பார். இத்தனைக்கும் வகுப்பில் எழுப்பிக் கேட்டால் மாம்பூவைப் பற்றி இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறாள். எந்தக் கிளையில் எந்த ஒட்டு பிடிக்கும் என்று எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். பேப்பரில் மூன்று மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். அதிலும் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், இங்கிலீஷ் வராது என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

போன மாதம் கல்லூரியில் ஒரு புதுப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். படிப்பில் தனிச் சிரமம் உள்ள மாணவர்களைக் கண்டுபிடித்து உதவி செய்ய வேண்டுமாம். வேறு யாரும் கை தூக்கவில்லை. அதற்காகப் பிரேமலதா என்ற மனநல ஆலோசகர் வாரம் ஒரு நாள் வருகிறார். அவர் ரூபாவை இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டுச் சொன்னது இதுதான்: அவளுக்கு அறிவில் குறை எதுவும் இல்லை. எழுத்தைப் பார்த்ததும் அது என்னவென்று மூளைக்குப் போய்ச் சேர நேரமாகிறது. இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர். சோம்பேறித்தனமும் இல்லை, வியாதியும் இல்லை.

மேடம் ஒரு அட்டை கொடுக்கிறார். நடுவில் நீளமாக வெட்டியிருக்கும். புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், மற்ற வரிகள் மறைந்துவிடும். அதை வைத்துப் படித்தால் கொஞ்சம் வேகம் வருகிறது. ஆனால் பரீட்சைக்கு அது போதாது. சித்தூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சதரம் முகாம் நடக்கும்போது டாக்டர்களிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கினால், மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் கொடுப்பார்கள்.

சதரம் என்ற பெயரைக் கேட்டாலே மாமா குதிப்பார். "என் பொண்ணுக்கு ஊனம்னு சர்டிபிகேட்டா?" என்று டிராக்டரைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கத்துவார். இன்னொரு அரியர் வந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதனால் இப்போதைக்கு அவருக்குத் தெரிய வேண்டாம். உனக்குச் சம்மதமா? உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
கோவர்த்தனன்


குடிபாலா
9.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சுந்தரி எழுதுவது. இங்கு நானும் மாமாவும் மாடுகளும் நலம். அங்கு நீயும் ஸ்வர்ணலதாவும் நலமா?

கடிதம் கையில் கிடைத்தது. யாரிடமும் கொடுக்கவில்லை. நானே படித்தேன். ரூபாவுக்குச் சம்மதம்.

அட்டையில் எவ்வளவு அகலம் வெட்ட வேண்டும்?

இப்படிக்கு,
அக்கா


திருப்பதி
13.8.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்குத் திருமலையானிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தந்தி ஆபீசை மூடிவிட்டார்கள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? இருபத்தாறு நாள் காத்திருந்தேன், வந்தது ஏழு வரி! நேரில் பார்த்தால் என் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறவள், பேனாவை எடுத்தால் இவ்வளவு சிக்கனமா? மாமாவுக்குப் பயந்து ஒளிந்து எழுதுகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அட்டையைக் கேட்டாய். ஒரு வரி அகலம்தான். படிக்கிற எழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவு. ரூபாவுக்கு நீ சிரமப்பட வேண்டாம், மேடமே கொடுத்துவிட்டார்.

இத்துடன் மூன்று தாள் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடங்களில் கையெழுத்துப் போடு. ஆகஸ்டு 31-க்குள் எனக்கு வந்தாக வேண்டும். மீதியை நானே நிரப்பிவிட்டேன். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சிரமம் உண்டா? நான் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். நம்மைப் பெற்ற நைனா பள்ளிக்கூடமே போகாதவர், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. நான் லெக்சரர். நீ பத்தாவதில் தவறினாயே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் உன் கதை வேறு. உனக்குப் புத்தகத்தைக் கண்டால் தூக்கம் வரும், எருமையைக் கண்டால் உற்சாகம் வரும்.

உனக்கு நினைவிருக்கிறதா, உன் அரையாண்டுத் தமிழ் விடைத்தாளை நான் உன் பையிலிருந்து எடுத்து, உரல் மேல் ஏறி நின்று தெருவுக்கே வாசித்துக் காட்டியது? நீ எழுதியிருந்தபடியே எழுத்து எழுத்தாக வாசித்தேன். நைனாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ கையைத் துடைத்துக்கொண்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாய். பதினோரு வயதில் எனக்கு எவ்வளவு கொழுப்பு பார். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தாள்களை மறக்காதே. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதே, கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

அன்புடன்,
கோவர்த்தனன்


குடிபாலா
24.9.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாள் ஆகிவிட்டது. மாடு கன்று போட்டது.

நீ 'இல்லை' என்று எழுதியதைப் படித்தேன்.

அன்புடன்,
அக்கா


திருப்பதி
14.10.2024

அக்காவுக்கு,

தசரா நல்லபடியாக முடிந்திருக்கும். கன்று எப்படி இருக்கிறது? கிடாரியா, காளையா என்றுகூட நீ எழுதவில்லை.

ஆகஸ்டில் கேட்ட தாள் செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "ஏமண்டி, உங்க சொந்த அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்க நாற்பது நாளா?" என்று கேட்டார். இங்கே மொத்தம் பதினான்கு பிள்ளைகளைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். அதில் ஆறு பேர் வீட்டில் சண்டை. ரேணிகுண்டாவிலிருந்து வருகிற யஸ்வந்த் என்ற பையனுடைய அப்பா ஒர்க்ஷாப் உடையோடு வந்து நின்று, "என் மகனுக்கு மூளை சரியில்லைன்னு எழுதறியா?" என்று என் சட்டையைப் பிடிக்காத குறை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசினேன், கடைசியில் அவரே அழுதுவிட்டார். எனக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஸ்வர்ணலதா என்னைப் பார்த்து, காலில் எறும்பு ஏறியவன் மாதிரி நிற்கிறீர்கள் என்கிறாள்.

அது இருக்கட்டும். எழுத்தர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் ரூபா சொல்வதை எழுத ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறோம். அதற்குச் சட்டம் இருக்கிறது. எழுதுகிறவர் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது, பிடிக்காததை விடவும் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும், பழக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் செய்யத் துடிக்கிறாள்.

முகாமில் தேதி கிடைத்துவிட்டது. அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, சித்தூர் பெரிய ஆஸ்பத்திரி. ரூபா இங்கிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். நீ மாமாவிடம் மாட்டுக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. வாசலில் அவளைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை எப்போது பேசினாள், எப்போது எழுத ஆரம்பித்தாள் என்று டாக்டர் அம்மாவிடம்தான் கேட்பார். நீ இல்லாமல் நடக்காது. அன்று எனக்கு இங்கே தேர்வு மேற்பார்வை, வர முடியாது.

டிசம்பரில் செமஸ்டர். அதற்குள் சான்றிதழ் கிடைத்தால் பிழைத்தோம். முனிரத்தினத்துக்குப் போன் போட்டு உன்னிடம் தேதி சொல்லச் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் வாய்க்குள் போனது ஊர் முழுக்கப் போய்விடும். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். நீ வந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோவர்த்தனன்


திருப்பதி
30.10.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

நேற்று ரூபா எட்டரை மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறாள். அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம். "அம்மா வந்துக்கினு இருக்காங்க சார், வந்துடுவாங்க" என்று மூன்று முறையும் சொல்லியிருக்கிறாள். பிறகு கூப்பிடவில்லை. சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று, "அம்மாவுக்கு என்னா வேலையோ மாமா, பாவம், திட்டாதீங்க" என்கிறாள். அதற்குப் பிறகும் எனக்குக் கோபம் வராதா?

பதில் எழுத வேண்டாம் என்றேனே தவிர, வர வேண்டாம் என்று சொல்லவில்லை. இது உன் மகளின் படிப்பு. அவள் அரியர் வைத்தால் நிறுத்தப்போவது உன் புருஷன். உனக்கு மகள் முக்கியமா, மாடு முக்கியமா? நான் எழுதும் கடிதங்களைப் படிக்கிறாயா, இல்லை சாணி அள்ளப் பயன்படுத்துகிறாயா?

அடுத்த தேதி எப்போது என்று தெரியாது. டிசம்பர் பரீட்சையை அவள் இப்படியேதான் எழுத வேண்டும்.

தீபாவளி வாழ்த்து.

கோவர்த்தனன்


குடிபாலா
29.11.2024

தம்பிக்கு,

நலம். நலம் விசாரிக்க மனம் வந்தது.

உன் கடிதம் படித்தேன். மாடு முக்கியம் இல்லை. மகள் முக்கியம். அடுத்த தேதி வாங்கு.

பெரிய எழுத்தில் எழுது. கொஞ்சமாக எழுது.

அக்கா


திருப்பதி
5.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். சாணி என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டாம். ஸ்வர்ணலதாவிடம் சொன்னேன், அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறாய். நாற்பது தாண்டிவிட்டது, அக்கா. வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். சித்தூரில் கண் டாக்டரைப் பார்த்து ஒரு கண்ணாடி போட்டுக்கொள். வெட்கப்படாதே, போன வருடமே நான் போட்டுவிட்டேன்.

ஆனால் நீ எதற்கு வரவில்லை என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. மாமா தடுத்தாரா? சொல்லவும் மாட்டாய். உன் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

பரீட்சை பதினாறாம் தேதி தொடங்குகிறது. நேற்று ரூபாவைப் பயிற்சிக்கு உட்கார வைத்தேன். முதல் கேள்வியை ஐந்து முறை படித்தாள். புரிந்ததும் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள், அரை மணி போயிருந்தது. முகம் விழுந்துவிட்டது. நான் எழுந்து வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அவளுக்கு விடை தெரிகிறது, எனக்கு அது தெரியும், பேப்பர் திருத்துகிறவனுக்குத் தெரியப்போவதில்லை.

முகாமுக்கு மறுபடியும் பதிவு ஜனவரியில்தான் திறப்பார்களாம். திறந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
கோவர்த்தனன்


திருப்பதி
22.1.2025

அக்கா,

நலமா?

நான் முட்டாள்.

ரூபா இங்கே வந்தாள்.

ஹாஸ்டல் பெட்டியை எடுக்க.

மாமா கீழே நின்றார்.

'பரீட்சை முடிக்கல'ன்னு

பொங்கலுக்குச் சொன்னாளாம்.

'படிச்சது போதும்'ன்னாராம்.

லைப்ரரி புத்தகம் கொடுத்தாள்.

அதில் ஒரு அட்டை.

கல்யாணப் பத்திரிகை அட்டை.

நடுவில் வெட்டியது.

'யாருது?' என்றேன்.

'அம்மாது மாமா.

மாட்டுக் கொட்டாய்ல

எதையோ படிச்சிக்கினு இருப்பாங்க.

நான் போனா மறைச்சிடுவாங்க.

எடுத்தாந்து பாத்தேன், புக்குக்கு ஆவல.

ஓட்டை பெருசு' என்றாள்.

உன் கடிதங்களை எடுத்தேன்.

நீ எழுதிய சொல் முக்கால்வாசி

நான் எழுதிய சொல்.

பார்த்துப் பார்த்து எழுதினாய்.

என் கடிதம் ஒன்று

பாதியில் மேசையில் இருந்தது.

அதன் மேல் அட்டையை வைத்தேன்.

என் கையெழுத்துக்கு

சரியாக இருந்தது.

அக்கா,

'நீயே படி' என்றேன்.

உனக்கு எது கஷ்டமோ

அதையே கொடுத்தேன்.

மூன்றாம் பக்கத்தில்

தேதியை வைத்தேன்.

நீ அங்கே வந்து சேரும் முன்

தேதி போய்விட்டது.

உரல் மேல் நின்றேன்.

அதை நினைத்தால்

எனக்கு அழுகை வருகிறது.

அட்டையை வைத்திருக்கிறேன்.

புதுத் தேதி:

பிப்ரவரி 11.

செவ்வாய். காலை 9. சித்தூர்.

நானும் வருவேன்.

நீ வா என்று சொல்லவில்லை.

உன் இஷ்டம்.

தம்பி


குடிபாலா
16.2.2025

தம்பி கோவர்த்தனனுக்கு,

சொல்றது நான், உங்க அக்கா சுந்தரி. எழுதறது உங்க மாமா ஏழுமலை. டீக்கடையில தினம் பேப்பரைச் சத்தமா படிக்கிறவருக்கு எழுதவும் வரட்டுமேன்னு உக்கார வெச்சிக்கினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதணும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லிட்டேன். 'உங்கம்மா கண்டுச்சா சட்டம்'ன்றாரு. அதையும் எழுதுய்யான்னேன், எழுதிட்டாரு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். கன்னுக்குட்டி கிடாரி. நீ கேட்டு நாலு மாசமாச்சி.

உன் லெட்டர் வந்த அன்னிக்கே படிச்சிட்டேன். ஒரே சாயங்காலம்! பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிட்டேன். என் வயசுக்கு ஒரு லெட்டரை வந்த அன்னிக்கே படிச்சி முடிச்சது அதான் மொத தடவை. முடிச்சப்ப உங்க மாமா சோறு துன்னுக்கினு இருந்தாரு, லெட்டரை அவரு தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். போனை வெக்கிற எடத்துல. 'இதையும் சத்தமா படிங்க'ன்னேன்.

படிக்க ஆரம்பிச்சவரு நடுவுல சத்தத்தை நிறுத்திட்டாரு. கை காய்ஞ்சி போச்சி, கழுவல. 'எத்தினி நாளா?'ன்னாரு. 'பொறந்ததுலருந்து'ன்னேன். ரெண்டு நாளு எனக்கு ஒரு எடத்துல நிக்க முடியல, களத்துக்கும் வூட்டுக்கும் நடந்துக்கினே இருந்தேன். மூணாம் நாளு வந்து கேக்கறாரு, 'ரூபா கைக்குழந்தையா இருந்தப்ப ஜொரம் வந்துச்சே, மருந்துச் சீட்டைப் படின்னு குடுத்தேன், "நீயே படி, எனக்கு வேல இருக்குது"ன்னு தூக்கிப் போட்டியே, அதுக்கா?'ன்னு. 'அதுக்குத்தான்'னேன். 'பஸ் போர்டைப் பாருன்னா நீயே பாருன்னுவியே, அதுவும்?' 'அதுவும்தான்.' இருவது வருசமா இவளுக்குத் திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தாராம்.

இந்த வரியை எழுத மாட்டேன்னு பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. பிடிக்காததை விடக் கூடாது, அதான் சட்டம்னேன். அப்புறம் எழுதினாரு.

பதினொண்ணாம் தேதி ஆஸ்பத்திரி வாசல்ல நீ எங்க மூணு பேரையும் பாத்த வரைக்கும் உனக்குத் தெரியும். உள்ள நடந்தது உனக்குத் தெரியாது, அதுக்குள்ள உன்னை காலேஜ்லருந்து கூப்டுட்டாங்க. நீ பஸ் ஏறினப்புறம்தான் ரூபா பேரைக் கூப்டாங்க. நாங்க மூணு பேரும் போனோம். டாக்டரு தெலுங்குல ரூபாவைப் பத்தி எல்லாம் கேட்டாரு. எப்ப நடந்தா, எப்ப பேசினான்னு. நான் சொன்னேன். அப்புறம், குடும்பத்துல வேற யாருக்காவது இருக்குதாம்மான்னு கேட்டாரு. கேட்டுக்கினே பேப்பரைப் பாத்து, 'இல்லன்னு எழுதிக்கீதே'ன்னு அவரே பக்கத்தைத் திருப்பப் போனாரு.

இந்தப் பக்கம் இவரு. அந்தப் பக்கம் ரூபா. பத்தாவது பாஸுன்னு சொல்லித்தான் நைனா என்னை இவருக்குக் கட்டி வெச்சாரு, உனக்கே தெரியும். பக்கம் திரும்பறதுக்குள்ள, 'எனக்கு இருக்குது சார்'னேன். சத்தமா வந்துடுச்சி. வெளிய வரிசையில நின்னவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. டாக்டரு ஒரு தெலுங்குத் தாளைக் குடுத்தாரு, தெலுங்கு படிக்கத் தெரியாதுன்னேன். யாரோ தமிழ்ல ஒரு நோட்டீசு கொண்டாந்து குடுத்தாங்க. காலையில நீ திருப்பிக் குடுத்து நான் இடுப்புல சொருகி வெச்சிருந்த அட்டையை எடுத்து அது மேல வெச்சி, வெரலை வெச்சிப் படிச்சேன். நாலு வரி. டாக்டரு கடிகாரத்தைப் பாக்கல. யாரும் சிரிக்கல. உங்க மாமா மூக்கைச் சிந்திக்கினு வெளிய போயிட்டாரு. இல்ல, போகலன்றாரு. போனாரு. ரூபா என் கையைப் புடிச்சிக்கினு, 'அம்மா, நீ என் மாதிரியே படிக்கிற'ன்னா. நான் அழுதுட்டேன்.

உரல் மேல நின்னியே, அதை நீ மறக்க வேணாம். நானும் மறக்கல. நீ படிச்சதுகூட இல்ல தம்பி, நைனா சிரிச்சாரு பாரு, அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல இருக்குது. அன்னிக்கு எனக்கு ஒரு மணி நேரம் சேத்துக் குடுக்க யாரும் இல்ல. ரூபாவுக்கு இருக்குது. அது போதும்.

சர்டிபிகேட் இன்னும் வரல. வர்ற வரைக்கும் எனக்கு அடுப்புல என்னா வெச்சிருக்கேன்னே தெரியல. உங்க மாமா தினம் ஊரு சச்சிவாலய ஆபீசுல போயி நின்னு, வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கினு வர்றாரு. ஊனம்ன்ற வார்த்தை அவரு வாயிலருந்து அப்புறம் வரல. நேத்து அவரே ரூபாவைப் பெட்டியோட ஹாஸ்டல்ல உட்டுட்டு வந்தாரு. ஏப்ரல் பரீட்சைக்குள்ள வந்துடணும்.

அதுக்கு நீ ஒரு வேல செய்யணும். டாக்டரு அந்தப் பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாரு. எழுதின கைதான் திருத்தணுமாம். இதோட வெச்சிருக்கேன். நீ 'இல்லை'ன்னு எழுதினதை அடிச்சிட்டு 'ஆமாம்'னு எழுது. யாருன்னு கேட்டிருக்கற எடத்துல சுந்தரின்னு எழுது. பக்கத்துல உன் கையெழுத்தைப் போட்டு உடனே அனுப்பு. நாப்பது நாளு ஆக்காத.

பெரிய எழுத்துல எழுதணும்னு இனிமே கட்டாயம் இல்ல. உன் எழுத்து எனக்குப் பழகிப் போச்சி. காலேஜ் கதை, அந்த ரேணிகுண்டா பையன் கதை, எல்லாம் எழுது. எத்தினி பக்கம் வேணும்னாலும் எழுது. இவரைப் படிக்கச் சொல்ல மாட்டேன், நானேதான் படிப்பேன். தேதி ஏதாவது இருந்தா மட்டும் மொத வரியில எழுது.

பதில் வர நாளாச்சின்னா கோவிச்சிக்காத. படிச்சிக்கினு இருக்கேன்.

அக்கா
சுந்தரி